வாசனை இல்லாத காற்று

கடையைத் திறந்ததும் அவர் முதலில் குனிவது கம்ப்ரஸரின் அடியில்தான். அங்கே இருக்கும் சிறு குழாய்களின் திருகைத் தளர்த்துவார். புஸ்ஸென்ற சத்தத்தோடு எண்ணெய் கலந்த வெளுத்த தண்ணீர் பீய்ச்சி அடித்து வாளியில் விழும். அது வடிந்து முடிந்ததும் எண்ணெய் மட்டம் பார்ப்பார். பிறகுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் அவர் விற்றது காற்று. கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவர்கள், ப்ரொப்பல்லரில் சிக்கிய கயிற்றை அறுக்கிறவர்கள் என்று அங்கிருந்த டைவர்கள் எல்லோரும் முதுகில் மாட்டும் சிலிண்டர்களை அவரிடம்தான் நிரப்பினார்கள். அதனால் அவருக்குக் காற்றுக்காரர் என்றே பெயர்.

"சும்மா கெடக்கிற காத்தைப் புடிச்சு டப்பாவுல அடைச்சு விக்கறாரு. மூளைக்காரர்யா எங்க மாமா" என்பான் ஒல்லி.

ஒல்லி அவருடைய மனைவியின் தம்பி. கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது. பெயர் மட்டும் மெலிந்தே இருந்தது. துறைமுகத்தில் அவனைவிட ஆழமாக இறங்குகிறவர்கள் இருந்தார்கள். அவனைப் போலச் சிரிக்க வைத்துக்கொண்டே இறங்குகிறவர்கள் இல்லை.

அந்த டைவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிரப்பிய சிலிண்டரை வாங்கியதும் திருகைக் கொஞ்சம் திறப்பார்கள். உள்ளங்கையில் காற்றைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார்கள். எண்ணெய் வாசனையோ புகை வாசனையோ வந்தால் சிலிண்டரை அங்கேயே உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வரவில்லை என்றால் தோளில் தூக்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்டதில்லை.

பழைய கம்ப்ரஸர் உடைந்துபோனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

புதிது வாங்க அவரும் மனைவியும் கம்பெனிக் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். கரண்ட் மோட்டாரில் ஓடுவது. நிரப்பும் காற்றில் விஷவாயு இருந்தால் இயந்திரத்தைத் தானாகவே நிறுத்திவிடும் ஒரு சின்னப் பெட்டியும் அதில் இருந்தது. விற்பனையாளர் ஃபில்டர் குழாய் ஒன்றை வெட்டிக் காட்டினார். உள்ளே மூன்று அடுக்குகள். ஈரத்தை எடுக்க வெள்ளை மணிகள், வாசனையை எடுக்கக் கரி, கடைசியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு குருணை.

"இது எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள்.

விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள் விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த காற்றுக்காரர், "சரி, யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆள். உடைக்க வந்த கப்பலிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர் அவனிடம் இருந்தது. பெட்ரோல் இன்ஜினோடு சேர்ந்தது. விலை பாதிக்கும் கீழே.

"அண்ணே, இது கல்லு மாதிரி. கரண்ட் போனாலும் ஓடும், ஊரே நின்னாலும் ஓடும். புதுசுன்னு சொல்லி விக்கறானே, அதெல்லாம் பெயிண்ட்டுக்குக் குடுக்கற காசு."

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "ஏங்க, மூச்சு விடற விஷயம். புதுசே வாங்கிடலாம். கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவால்ல."

"உனக்கு எல்லாம் புதுசாவே வேணும். மாப்ள, நீ சொல்லு."

கூட வந்திருந்த ஒல்லி இன்ஜினைத் தட்டிப் பார்த்தான். "ஓடுனா சரி மாமா. நானும் செகண்ட் ஹாண்ட்தான், பத்து வருஷமா ஓடலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். இன்ஜின் புகை ஒரு பக்கம் போனால், காற்றை உறிஞ்சும் நீளக் குழாயின் வாயை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் உயரமாகக் கட்டுவார். காற்று திசை மாறினால் இன்ஜினை நிறுத்துவார், குழாயை அவிழ்த்து மறுபக்கம் கட்டுவார். கம்பெனி ஃபில்டரையே வாங்கிப் போட்டார்.

பிறகு ஃபில்டர் விலை ஏறியது. மறுபடியும் மொட்டைதான் வழி சொன்னான். தீர்ந்த ஃபில்டரின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, சில்லறையாக விற்கும் கரியை அடைத்துக்கொள்ளலாம். வெள்ளை மணிகளை அடுப்பில் வறுத்து ஈரம் போக்கித் திரும்பப் போடலாம்.

"அந்தப் பழுப்புக் குருணை?"

"அது வெலை ஏத்தறதுக்குப் போடறதுண்ணே. வாசனை போகுதா? அவ்ளோதான் ஃபில்டர்."

அது பொய் என்று காற்றுக்காரருக்குத் தெரியும். உடைந்துபோன அந்தக் கம்ப்ரஸரை வாங்கிய காலத்தில் ஒரு மெக்கானிக் அவருக்கு விளக்கியிருந்தார். இன்ஜின் புகையில் ஒரு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. கரி அதைப் பிடிக்காது. அதற்கென்றே இருப்பது அந்தப் பழுப்புக் குருணை. இதெல்லாம் தெரிந்தும், குழாயைத்தான் புகைக்கு எதிர்ப்பக்கம் கட்டுகிறோமே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கரி அடைக்கும் வேலை மனைவிக்கு வந்தது. அவள் கை சுத்தமான கை. சமையலறை மேசையில் துணி விரித்து, கரியைச் சலித்துத் தூசி நீக்கி, குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தட்டித் தட்டி இறுக்குவாள். "தம்பி மூச்சு விடற காத்து" என்று சொல்லிக்கொண்டே செய்வாள். பழுப்புக் குருணையைப் பற்றி அவள் ஒருமுறை கேட்டாள். "அது தேவையில்ல" என்றார் அவர். அவள் கணவரை நம்பினாள்.

அவள் கரியை எவ்வளவு நன்றாக அடைத்தாளோ அவ்வளவு நன்றாக வாசனை காணாமல் போனது. புகை உள்ளே வந்தால் வாசனையை வைத்தே டைவர்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்த ஒரே எச்சரிக்கையும் வடிகட்டப்பட்டுவிட்டது. விஷம் மட்டும் தடையில்லாமல் போக வழி இருந்தது.

அடையாளங்கள் வராமல் இல்லை. சில நாட்களில் டைவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார்கள். ஒரு நாள் ஒல்லியே வந்து சொன்னான்.

"மாமா, மேல வந்ததுலேர்ந்து தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. வாந்தி வேற."

"வெயில்ல நின்னியா?"

"தண்ணிக்கடியில ஏது மாமா வெயிலு?"

"சரி, வாசனை எதுவும் வந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப காத்துல ஒண்ணும் இல்ல. வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருப்ப."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒல்லியும் சிரித்தான். காற்றுக்காரரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அதன் பிறகு பக்கத்துக் காலி இடத்தில் யாரோ கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கினார்கள். இன்ஜின் புகை அந்த இரும்புச் சுவரில் முட்டிக் கொட்டகையைச் சுற்றி வர ஆரம்பித்தது. குழாயை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் நினைத்தார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று அது தள்ளிப்போனது.

அன்றைக்குக் காலையில் கூட்டம் அதிகம். ஒரு சரக்குக் கப்பலின் ப்ரொப்பல்லரில் தடித்த கயிறு சுற்றிக்கொண்டு நின்றது. மாலைக்குள் அறுத்தாக வேண்டும் என்று எல்லாப் படகுகளும் அவசரப்பட்டன. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே வீசிய காற்று அடங்கியது. புகை நகராமல் கொட்டகையின் மேலேயே தொங்கியது. காற்றுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குழாயின் வாய் அந்தப் புகைக்குள் இருந்தது.

நிறுத்த வேண்டும். குழாயை அவிழ்க்க வேண்டும். ஏணி போட்டு வேறு இடத்தில் கட்ட வேண்டும். சரியான வேலை அதுதான்.

"என்னண்ணே, ஆச்சா? கப்பல்காரன் கத்தறான்" என்று ஒரு படகுக்காரர் குரல் கொடுத்தார்.

"ஆச்சு, ஆச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒல்லி தன் சிலிண்டரை வாங்கினான். திருகைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தான். "மலைக்காத்து மாதிரி இருக்கு மாமா. அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

கப்பலின் அடியில் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை மேலே படகில் இருந்தவர் பிடித்திருந்தார். அவர் ஒரு இழு இழுத்தால் கீழே இருப்பவன் பதிலுக்கு ஒரு இழு இழுக்க வேண்டும். முதலில் பதில் வந்தது. பிறகு தாமதமாக வந்தது. பிறகு வரவில்லை. அவனைத் தூக்கி எடுத்தபோது வாயில் இருந்த சிலிண்டர் குழாயின் முனை நழுவாமல் பல்லில் கடிபட்டிருந்தது. நினைவு இல்லை. முகம் மட்டும் நல்ல சிவப்பாக, இப்போதுதான் விளையாடிவிட்டு வந்தவன் முகம் போல இருந்தது.

"பாரு, மொகத்துல ரத்தம் ஓடுது. ஒண்ணும் ஆகாது" என்றார் கயிற்றைப் பிடித்தவர்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். அது நல்ல எண்ணையே காட்டியது. ரத்தத்தில் உட்கார்ந்திருப்பது ஆக்ஸிஜனா, அந்த இன்னொரு வாயுவா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால் யாரும் பதறவில்லை. முகமூடி வழியாகக் கொஞ்சம் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவன் மட்டும் கண் திறக்கவில்லை.

பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். காற்றுக்காரரும் மனைவியும் எழுந்து நின்றார்கள். ஒல்லியின் மனைவி சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள்.

"நுரையீரல்ல தண்ணி போன மாதிரி தெரியல. ஆனா முழிக்க மாட்டேங்கறாரு. இந்த சிலிண்டர் எங்க நிரப்பினது?"

"என் கடைதான் டாக்டர்" என்றார் காற்றுக்காரர்.

"கம்ப்ரஸர் எதுல ஓடுது? மோட்டாரா, இன்ஜினா? புகை கலந்திருக்க வாய்ப்பு இருக்கா? இருந்தா ட்ரீட்மென்ட்டே வேற. அழுத்தம் குடுத்து ஆக்ஸிஜன் ஏத்தற அறை வேற ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. சும்மா அனுப்ப முடியாது. எனக்கு நிச்சயமா தெரியணும்."

கொட்டகை, போலீஸ், சீல் வைத்த கதவு, தெருவில் தன்னைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் முகங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் காற்றுக்காரரின் கண்முன் வந்தன.

"மோட்டார்தான் டாக்டர். ஃபில்டர்கூட இப்பத்தான் மாத்தினோம்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மனைவிக்கு அது பொய் என்று தெரியும். ஆனாலும் அவள் உடனே வாயைத் திறக்கவில்லை. கணவர் சொன்னதை வெளியாள் முன்னால் மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் சொல்வதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தாள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். உள்ளே ஏதோ ஒரு கருவி விடாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் கேட்டாள். "ஏங்க, எதுக்கு மோட்டார்னு சொன்னீங்க?"

"சும்மா இரு."

"புகை போயிருக்குமா உள்ள? நான் கரி நல்லாத்தானே அடைச்சேன். ஒரு தூசிகூட இல்லாம சலிச்சேனே."

அவர் தரையைப் பார்த்தார். "கரி அதைப் புடிக்காது."

"எதை?"

"வாசனை இல்லாத ஒண்ணு இருக்கு. அதைப் புடிக்கத்தான் அந்தப் பழுப்புக் குருணை."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

"உங்களுக்கு இது தெரியுமா? தெரிஞ்சேதான் என் கையால அடைக்க வெச்சீங்களா?"

அவள் எழுந்தாள். அவர் புடவை முந்தானையைப் பிடித்தார். "யோசிச்சுப் பாரு. கடை போயிடும். ஜெயிலுக்குப் போகணும்."

"விடுங்க."

அவள் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனாள். "டாக்டர், அது இன்ஜின். பெட்ரோல் இன்ஜின். ஃபில்டர்ல வெறும் கரிதான் இருக்கு. நான்தான் அடைச்சேன்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு அவர் பேசிய பேச்செல்லாம் போனில்தான். படுக்கையின் சக்கரங்கள் உருண்டன. ஒல்லியை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

ஒல்லியின் மனைவியும் அக்காவும் அதில் ஏறிப்போனார்கள். காற்றுக்காரர் வாசலில் தனியாக நின்றார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. அதே காலையில், அதே புகையில் நிரப்பிய மற்ற சிலிண்டர்கள் படகுகளில் இருந்தன.

போனை எடுத்தார். இப்போது பொய் சொல்லவும் வழி இருந்தது. சிலிண்டர் மாறிப்போச்சு, திருப்பிக் கொண்டுவாங்க என்று சொல்லலாம். அவசரத்தில் இருப்பவர்கள் அதைக் காதில் வாங்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அண்ணே, சொல்லுங்க. ஒல்லி எப்படி இருக்கான்?" என்றார் மறுமுனையில் படகுக்காரர்.

"காலையில நிரப்பின சிலிண்டர் எதையும் யாரும் போடாதீங்க. கீழ யாராவது இருந்தா இழுங்க."

"ஏன்? மோந்து பாத்துட்டுத்தானே எறங்கினாங்க. வாசனையே இல்லையே."

"வாசனை வராது. நான் வராத மாதிரி பண்ணிட்டேன். உள்ள விஷம் இருக்கு. இழுங்கய்யா!"

அந்தப் பக்கம் போன் கீழே விழும் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் ஒருவர் இருந்தார். அவரை இழுத்துப் போட்டார்கள். படகின் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார், பிழைத்துக்கொண்டார்.

ஒல்லியும் உயிர் பிழைத்தான். ஆனால் திரும்பி வந்தது பழைய ஒல்லி இல்லை. சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க அவன் விரல்களுக்குத் தெரியவில்லை. குழாயைத் திறந்தால் மூட மறந்து, நிரம்பி வழியும் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். நகைச்சுவை சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிடுவான். எதிரில் இருப்பவர்கள் எப்போது சிரிப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். டாக்டர் சொன்னார், இன்னும் சீக்கிரம் அந்த அழுத்த அறைக்குள் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று. எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நினைத்து அக்கா இன்றும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறாள்.

துறைமுக அதிகாரியின் விசாரணைக்கு முன்பு காற்றுக்காரர் மைத்துனன் வீட்டுக்குப் போனார். ஒல்லி அவரைப் பார்த்து, "வாங்க மாமா, எந்தக் கப்பலு?" என்று கேட்டான். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான்.

அவர் அவன் மனைவியிடம் திரும்பினார். "தெரியாம நடந்துபோச்சும்மா."

அவள் கணவனின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள். "தெரியாம நடக்கலண்ணே. எங்களுக்குத்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அண்ணிக்குக்கூட நீங்க சொல்லல."

விசாரணை நடந்த கூடத்தில் மற்றத் துறைமுகங்களில் காற்று நிரப்புகிறவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் வீட்டிலும் கரி சலிக்கப்படுவது அவருக்குத் தெரியும். வக்கீல் அவரிடம் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அதிகாரி கேட்டார். "ஆக, இது ஒரு விபத்து. அப்படித்தானே?"

வக்கீல் தலையை ஆட்டினார். காற்றுக்காரர் பின்னால் இருந்த முகங்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

"விபத்து இல்ல சார். மெஷின் வாங்கும்போது வெலை கம்மியான்னு பாத்தேன், காத்து சுத்தமான்னு பாக்கல. குழாய மாத்திக் கட்டணும்னு தெரியும், கட்டல. ஒவ்வொண்ணும் சின்னதுதான் சார். ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாததால நான் செய்யறது சரின்னு நெனச்சுட்டேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். காற்றுக்காரர் குரல் உடையாமல் தொடர்ந்தார்.

"மெஷின் என்னுது. அதுல நான் எப்படி வேணா மிச்சம் புடிக்கலாம்னு நெனச்சேன். ஆனா அதுலேர்ந்து வர்ற மூச்சு என்னுது இல்லையே சார். அடுத்தவன் உயிர்ல சிக்கனம் பண்ண எனக்கு யாரு உரிமை குடுத்தா? என் தொழில் பண்ற யாருக்கும் அந்த உரிமை கெடையாது."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக எழுந்தார். வாசலுக்குப் போய், போனைக் காதில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டேய், மெஷினை நிறுத்து. எவன் கேட்டாலும் சரி, நான் வர்ற வரைக்கும் ஒரு சிலிண்டர்கூட வெளிய போகக் கூடாது."